இரண்டு கையாலும் வாங்கியவன்

டென்மார்க்கில், லில்லவாங் நகரத்து வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு விளையாட்டுப் பொருட்கடை இருக்கிறது. மேல்தளத்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவே, நம்பிக்கைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. முதலாவதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை, அதில் வேலை செய்பவர்களுக்கும் அவர்களுக்குப் பணிஸ் கொண்டுவந்து கொடுக்கும் பேக்கரிக்காரருக்கும் மட்டுமே தெரியும். நிரோஜன் ஒரு புதன்கிழமை பிற்பகல் முதலாவதற்குள் நுழைந்தான். இரண்டாவதிலிருந்து வெளியே வந்தான். நடுவில் நடந்தது இது.

நிரோஜன் யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஒழுங்கானவன். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பான். இழுத்துப் பார்த்ததை மறக்காமலிருக்க “பூட்டியாச்சு” என்று வாய்விட்டுச் சொல்வான். பஸ் தரிப்பிடத்துக்குப் போன பிறகு, அப்படிச் சொன்னது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவான். இப்படிப்பட்ட ஒருவனுக்கு அந்த வாரம் லேசான வாரமல்ல. வெள்ளிக்கிழமை நகரசபை மண்டபத்தில் குடியுரிமைச் சடங்கு. நகரபிதாவுக்கு முன்னால் போய் நின்று, உறை போடாத வெறுங்கையால் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். குலுக்கினால் டென்மார்க்காரன். பள்ளிக்கூடப் பையனாக வந்திறங்கிய நாளிலிருந்து, பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி, அவன் காத்திருந்த கைகுலுக்கல் அது.

அழைப்பின் கடைசி வரியில் மரியாதையாக ஒன்று சொல்லியிருந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் ஏதாவது விவகாரத்தில் பெயர் அடிபட்டால் கைகுலுக்கல் பிற்போடப்படும். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. அதை வாசித்த நாளிலிருந்து நிரோஜன் சிவப்பு விளக்குக்கு மட்டுமல்ல, மஞ்சள் விளக்குக்கும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான். பச்சை விளக்கிலும் கொஞ்சம் யோசித்துத்தான் போனான்.

சனிக்கிழமை இன்னொரு சடங்கு. லில்லவாங் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் வருடாந்தப் போட்டி. கழகத் தலைவர் சிறீஸ்கந்தராசா, கோட்டும் ரையும் கட்டி, மேசைமேல் ஏறி நின்று, விளையாட்டுத் துப்பாக்கி ஒன்றை வானத்தை நோக்கி ‘டப்’ என்று வெடித்து ஓட்டங்களைத் தொடக்கி வைப்பார். அதற்குள் போடுகிற சிவப்பு வெடி வளையங்கள் போன வருடத்தோடு முடிந்துவிட்டன. புதன்கிழமை மத்தியானம் அவர் போன் எடுத்தார்.

“தம்பி, வெடி இல்லாமல் ஓட்டம் இல்லை. முந்தி ஒருக்கா கை தட்டித் தொடக்கினனான். பிள்ளையள் ஓடாமல் நிண்டு திருப்பிக் கை தட்டினதுகள். விளங்குதோ?”

“ஓம் அண்ணை. பொம்மைக் கடையில பாக்கட்டோ?”

“பொம்மைக் கடையோ! இது விளையாட்டுப் போட்டி. விளையாட்டுச் சாமான் விளையாட்டுக் கடையிலதான் கிடக்கும். நீர் படிச்ச பிள்ளை, உமக்கு நான் சொல்லவேணுமோ?”

ஆகவே நிரோஜன் விளையாட்டுக் கடைக்குப் போனான். அங்கே யோனாஸ் என்று பெயர்ப்பட்டி குத்திய, தாடி வைத்த விற்பனையாளன் ரீசேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். ஓட்டப்போட்டி தொடங்குவதற்கு ‘டப்’ என்று சத்தம் வருகிற சின்ன வெடி ஏதாவது இருக்கிறதா என்று நிரோஜன் கேட்டான். வெடிக்கிற எதையும் இந்தக் கடை விற்பதில்லை, பந்துகூட வெடிக்காத பந்துதான் என்றான் யோனாஸ். பிறகு பரிவோடு ஒரு பொருளை எடுத்துக் காட்டினான். ஒரு பக்கம் பிணைச்சல் போட்ட இரண்டு மரப்பலகைகள். விரித்துச் சட்டென்று மூடினால் துப்பாக்கி மாதிரியே சத்தம் வரும். “புகையே வராது, பறவைகளுக்கும் நல்லது” என்றான். நிரோஜன் அதை வாங்கிக் காகிதப் பையில் போட்டுக்கொண்டான். சிறீஸ்கந்தராசா அண்ணை மேசைமேல் நின்று பலகையை மூடுவதைக் கற்பனை செய்து பார்த்தான். அது சரிப்பட்டு வருமா என்று சந்தேகமாக இருந்தது. எதற்கும் பிள்ளைகள் ஓடுவதற்கான சப்பாத்துகளையும் ஒரு பார்வை பார்ப்போம் என்று சப்பாத்துப் பகுதிக்குத் திரும்பினான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெனிஷ் மொழியில் எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான். நிரோஜனும் வாயால் ‘நீ’ என்றுதான் பேசுவான். ஆனால் பேசும்போதெல்லாம் மனதுக்குள் ‘நீங்கள்’ என்று திருத்திக்கொள்வான். ஆகவே அவன் பேசியதை அவன் மனதில் இருந்தபடியே கீழே எழுதியிருக்கிறது.

சப்பாத்துத் தட்டுகளுக்கு இடையில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பச்சை ரப்பர் சப்பாத்துப் போட்டவர். கையில் நாய்ச் சங்கிலி இருந்தது, நாய் இல்லை. மற்றது மழைக்கோட்டுப் போட்ட நெடுத்த பெண். இவன் திரும்புவதற்குள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வந்து நின்றுவிட்டார்கள். போக வழி இல்லை.

“வெடிக்கிற சாமான் கேட்டாய் போலிருக்கிறதே?” என்றார் சங்கிலிக்காரர், உதடு அசையாமல்.

“ஓட்டப்போட்டிக்கு…”

“எதற்கென்று நாங்கள் கேட்பதில்லை.”

“சின்னப் பிள்ளைகளுடைய…”

“யாருக்கென்றும் கேட்பதில்லை” என்றாள் அந்தப் பெண். இடமும் வலமும் பார்த்தாள். அவள் பார்த்த விதத்தைப் பார்த்தே பயம் வந்தது.

சங்கிலிக்காரர் ஒரு சப்பாத்துப் பெட்டியின் மூடியை நீக்கிக் காட்டினார். உள்ளே மான் படம் போட்ட சிறிய அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வேட்டைத் தோட்டாக்கள் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. 

“பிடித்துப் பார். பாரத்தைப் பார்” என்று சப்பாத்துப் பெட்டியையே நீட்டினார்.

நிரோஜன் அப்போது இரண்டு தவறுகள் செய்தான். இரண்டையும் அவன் செய்யவில்லை, அவனுடைய வளர்ப்புச் செய்தது. வயதில் மூத்த ஒருவர் எதை நீட்டினாலும், காகிதப் பையை முழங்கையில் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, தலையைச் சற்றுத் தாழ்த்தி வாங்குவது அவனுடைய பழக்கம். கோயிலில் ஐயர் தரும் திருநீறையும், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் தரும் திருகாணியையும் அப்படித்தான் வாங்குவான். அந்தப் பெட்டியையும் அப்படியே வாங்கினான். இது முதலாவது. வாங்கியதும் டெனிஷ் பாடசாலையில் பழக்கியபடி “நன்றி” என்றான். இது இரண்டாவது.

சங்கிலிக்காரர் ஒரு கணம் தடுமாறிப் போனார். பிறகு, “இன்னொன்று காரில் இருக்கிறது, வருகிறோம்” என்று இருவரும் போய்விட்டார்கள்.

பெட்டி பாரமாக இருந்தது. ஆனாலும் அதில் ஏதோ குறைந்தது போல நிரோஜனுக்குத் தோன்றியது. என்னவென்று யோசிக்கப் பயமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தான். நேர் மேலே கறுப்புக் கண்ணாடி உருண்டையாகக் கமரா.

ஒழுங்காக யோசித்தான். தட்டில் வைத்துவிட்டுப் போனால் யாராவது பிள்ளை திறந்து பார்க்கும். கொண்டு வெளியே போனால் கொண்டுபோனவன் ஆவான். அங்கேயே நின்றால் காரிலிருந்து மற்றப் பெட்டி வரும். மனைவி தனுசியாவுக்குப் போன் எடுத்தான். அவள் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள்.

“தனு, நான் கடையில நிக்கிறன். கையில சன்னம் கிடக்கு.”

“என்ன கிடக்கு?”

“சன்னம், தோட்டா. பெட்டி நிறைய.”

“வீட்டுக்குச் சாமான் வாங்கப் போனா எழுதிக் குடுத்ததிலயே பாதியை மறந்திட்டு வருவியள். எழுதாததை என்னெண்டு வாங்கினனீங்கள்?”

“பகிடி விடாதையும். நான் வாங்கேல்லை. தந்தவை.”

“தந்தா வாங்கிறதோ?”

“கை தானா நீண்டிட்டுது.”

“ரெண்டு கையுமோ?”

நிரோஜன் பெட்டியை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டான்.

“ஐயோ, ரெண்டு கையாலயும் வாங்கியிருக்கிறார்! வெள்ளிக்கிழமை என்ன நாளெண்டு தெரியுமோ உங்களுக்கு? வைச்சிட்டு ஓடி வாங்கோ.”

“ஓடினா கமராவில ஓடின மாதிரித் தெரியும்.”

“அப்ப நடந்து வாங்கோ.”

“சனத்தின்ர பிள்ளையள் எடுத்துத் திறந்தா?”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு தனுசியா தணிந்த குரலில் சொன்னாள்: “அப்ப போய்ச் சொல்லுங்கோ. உள்ளதைச் சொல்லுற ஆளுக்கு இந்த நாட்டில என்ன நடந்திடப் போகுது?”

அந்தக் கேள்விக்குரிய பதில் மேல்தளத்தில் இருந்தது.

முதலில் அவன் யோனாஸிடம்தான் போனான். பெட்டியை மேசையில் வைத்தான்.

“இதைத் திருப்பித் தருகிறாயா? பற்றுச்சீட்டு?” என்றான் யோனாஸ்.

“திருப்பித் தரவில்லை. இதற்குள் தோட்டா இருக்கிறது.”

யோனாஸ் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்கோடு தேடினான். “நாற்பத்து மூன்றாம் அளவுப் பெட்டி. ஆனால் உள்ளே இருப்பது நாற்பத்து மூன்று அல்ல. குறைபாடுள்ள பொருளா?”

“தெரியாது. நான் வெடித்துப் பார்க்கவில்லை.”

“முறைப்பாடு என்றால் வரிசை எண் எடுக்க வேண்டும்.”

வரிசையில் வேறு யாரும் இல்லை. நிரோஜன் எண் எடுத்தான். யோனாஸ் பொத்தானை அழுத்தினான். சுவரில் எண் மாறியது. “அடுத்தவர்!” என்று யோனாஸ் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிரோஜனைப் புதிதாகக் காண்பவன் போலப் புன்னகைத்தான். விஷயத்தை முதலிலிருந்து மறுபடி கேட்டான். கேட்டுவிட்டு, வாடிக்கையாளருக்கு அசௌகரியமான உணர்வு ஏற்பட்டால் மேல்தளத்துக்கு அனுப்பும்படி தனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்றான். “பெட்டியையும் கொண்டு போ. வெளிப்பொருள் எதையும் கடைக்குள் வைத்திருக்க எங்களுக்கு அனுமதி இல்லை.”

நகரும் படியில் தோட்டாப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினான். மேல்படியில் சின்ன நாயோடு நின்ற ஒரு மூதாட்டி திரும்பிச் சிரித்தார். “புதுச் சப்பாத்தா?”

“ஆமாம்” என்றான் நிரோஜன். அந்த வாரத்தில் அவன் சொன்ன முதற்பொய் அது. நாய் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு அக்கறையில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நிலையத்தின் கதவில் “நாங்கள் உன்னை நம்புகிறோம்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. மணியை அழுத்தி, அடையாள அட்டையைக் கண்ணாடித் துளைக்குக் காட்டி, அது தான்தான் என்று போனில் உறுதிப்படுத்தி, தொப்பியைக் கழற்றி முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டிய பிறகு திறந்தது.

உள்ளே பட்டப்பகலில் மெழுகுதிரி எரிந்தது. வட்ட மேசையில் கறுவாப் பணிஸ். நிலையத்தின் தலைவி மெட்டெ என்பவர், வாசிக்கும் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தார். ஆலோசகர் ராஸ்முஸ், நிரோஜனைவிட இளையவன். பெரிய கம்பளிச் சட்டை போட்டிருந்தான். “இங்கே பதவி கிடையாது, எல்லோரும் சமம்” என்று மெட்டெ சொல்லி, நிரோஜனுக்குத் தாழ்வான குஷன் நாற்காலியைக் காட்டினார். அதில் உட்கார்ந்ததும் அவனுடைய முழங்கால்கள் காதுகளுக்குப் பக்கத்தில் வந்தன. பெட்டியை வாங்கிப் பணிஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அவன் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னான். தலைவியும் ஆலோசகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிர்ச்சி தோட்டாவைப் பற்றியதல்ல என்று அவனுக்குப் பட்டது.

“நிரோஜன்” என்று மெட்டெ மெதுவாகத் தொடங்கினார். “இந்த நாட்டில் நாங்கள் குழந்தையைத் தள்ளுவண்டியோடு தெருவில் தூங்கவிட்டு, உள்ளே இருந்து கோப்பி குடிக்கிறோம். உருளைக்கிழங்கைச் சாலையோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். யாரும் திருடுவதில்லை. இதுதான் நம்பிக்கை. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆனால் நம்பிக்கை தானாக நிற்காது, பராமரிக்க வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் அடிக்கடி கீழே போய் மக்களுக்குத் தோட்டா விற்றுப் பார்க்கிறோம்.”

நிரோஜன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். குஷன் விடவில்லை.

அந்த நேரம் உள்ளறைக் கதவு திறந்தது. பச்சை ரப்பர் சப்பாத்தோடு அதே சங்கிலிக்காரர் வந்து, ஒரு பணிஸை எடுத்துக் கடித்தார். “எங்கள் ஹென்ரிக்” என்றார் மெட்டெ. “கூட வந்தது லோனெ. அவள் பகுதிநேரம், வீட்டுக்குப் போய்விட்டாள்.”

“நன்றி சொன்ன முதல் ஆள் நீதான்” என்றார் ஹென்ரிக் வாய் நிறையப் பணிஸோடு. “பயப்படாதே. உள்ளே இருப்பது மணல். தோட்டா வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை.”

நிரோஜனுக்கு அழுகை வரும்போல இருந்தது. பாரம் இறங்கிய அழுகை. “அப்படியானால் ஒன்றுமில்லையா? நான் போகலாமா?”

“ஒரேயொரு சிக்கல்” என்றான் ராஸ்முஸ். சுவரைக் காட்டினான். அங்கே சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. வெள்ளைத்தாளில் நீளமாக ஒரு நீலக் கோடு, மேடு பள்ளமில்லாமல் தட்டையாக. “மூன்று வருடமாகத் தோட்டா விற்கிறோம். ஒருவர்கூட வந்து முறையிட்டதில்லை. அந்த அளவுக்கு மக்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்கள். இந்தக் கோட்டைக் காட்டித்தான் ஒவ்வொரு வருடமும் எங்கள் நிலையத்தைத் திறந்து வைத்திருக்கிறோம்.”

“யாராவது வாங்கியிருக்கிறார்களா?”

“அது எங்கள் ஆய்வின் எல்லைக்குள் வராது” என்றார் மெட்டெ.

“நீ முறையிட்டால் கோட்டில் ஒரு மேடு விழும்” என்றான் ராஸ்முஸ். “மேடு விழுந்தால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் என்றால் நீதான். உன் பெயர் ‘விவகாரம்’ என்ற தலைப்பின் கீழ் போகும். வெறும் தலைப்புத்தான், தவறாக எடுத்துக்கொள்ளாதே.”

“வெள்ளிக்கிழமை எனக்குக் குடியுரிமைச் சடங்கு.”

“வாழ்த்துகள்!” என்றார்கள் மூவரும் ஒரே குரலில், உண்மையான மகிழ்ச்சியோடு.

பிறகு திரையில் கமராப் படத்தை ஓடவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படம். சப்பாத்துத் தட்டுகளுக்கு நடுவில் ஓர் இளைஞன் பெட்டியை வாங்கினான். ராஸ்முஸ் படத்தை நிறுத்தினான்.

“இரண்டு கை. தலை வேறு குனிகிறது. ஒலி இல்லாமல் பார்த்தால் ஒரு விருது வாங்குவது போலிருக்கிறது. வேறு எவற்றை நீ இப்படி வாங்குவாய்?”

“பெரியவர்கள் எதைத் தந்தாலும். திருநீறு, கலியாண அழைப்பிதழ், தேநீர்…”

“தோட்டா” என்று ராஸ்முஸ் சேர்த்துக்கொண்டான். “சரி. பார்த்த உடனேயே உனக்கு அது என்னவென்று எப்படித் தெரிந்தது? மற்றவர்களுக்குத் தெரியவில்லையே.”

 திரி படபடவென்று எரிந்தது.

நிரோஜனுக்கு எப்படித் தெரிந்ததென்றால், அவனுடைய ஏழெட்டு வயதில், யுத்தம் நடந்த ஊரில், அவை மண்ணில் கிடந்தன. மழை பெய்து விட்டால் மேலே தெரியும். பொறுக்கிக் குவித்துப் பித்தளை நிறமானது யாருக்கு, பச்சை பிடித்தது யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். எண்ணெயும் உலோகமும் கலந்த அந்த மணம் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. கீழே பெட்டியைப் பிடித்தபோது குறைந்தது அந்த மணம்தான் என்று இப்போது விளங்கியது. இதைச் சொல்லலாமா? உள்ளதைச் சொல்லத்தான் அவன் மேலே வந்தான். ராஸ்முஸின் விரல் விசைப்பலகையின் மேல் காத்திருந்தது.

“பெட்டியில் எழுதியிருந்தது” என்றான்.

“ஆக, நீ வாசித்திருக்கிறாய்” என்றார் மெட்டெ வருத்தத்தோடு.

மூவரும் உள்ளறைக்குப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்தபோது மெட்டெயின் முகம் மலர்ந்திருந்தது. “உனக்கு உதவ ஒரு வழி இருக்கிறது. சோதனையைத் திரும்பச் செய்வோம். நீ இன்னொருமுறை கீழே போ. ஹென்ரிக் வருவார். இம்முறை நீ கவனிக்காதே. கவனிக்காவிட்டால் முதற்சோதனை பிழையான சோதனை ஆகிவிடும், அழித்துவிடலாம். கோடும் தட்டையாக இருக்கும், வெள்ளிக்கிழமை நீயும் கை குலுக்கலாம்.”

“கவனிக்காமல் இருப்பதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?”

“மற்ற எல்லோரும் செய்வதைத்தான்” என்றான் ராஸ்முஸ். “போனைப் பார். வானிலையை நினை. தந்தால் வாங்காதே, தள்ளவும் செய்யாதே. அதை நடக்கவிடு.”

தப்பித்தவறி வாங்க நேர்ந்தால் ஒற்றைக் கையால் வாங்கவும் அவனைப் பழக்கினார்கள். ராஸ்முஸ் பணிஸை நீட்டினான். நிரோஜனுடைய இடது கை தானாக எழுந்து வலது கையோடு சேர்ந்தது. “இல்லை” என்றான் ராஸ்முஸ். கோப்பையை நீட்டினான். இடது கை மறுபடி வந்தது. அதன்மேல் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தபோது தலை குனிந்தது. தலையை யாரும் பிடிக்க முடியாது என்று அதை விட்டுவிட்டார்கள். மணல் பெட்டியை ஹென்ரிக்கிடம் கொடுத்துவிட்டு, பலகைப் பையோடு அவனைக் கீழே அனுப்பினார்கள்.

மறுபடி அதே சப்பாத்துத் தட்டுகள். நிரோஜன் பையை இடது கையில் தொங்கவிட்டு, போனைத் திறந்து வானிலையைப் பார்த்தான். நாளைக்கு மழை. ஹென்ரிக் வரவில்லை. மழை மதியத்துக்குப் பிறகு என்றிருந்தது. ஹென்ரிக் இன்னும் வரவில்லை. யோனாஸ் ரீசேட் மடிக்கிற சத்தம் கேட்டது.

“நீதானே முன்பு ஒரு பெட்டி வாங்கினாய்?”

குரல் முதுகுக்குப் பின்னால். நிரோஜன் திரும்பவில்லை. சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற கண்ணாடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் இளைஞன். அவனுக்குப் பக்கத்தில் வேலையுடுப்பில், இருமிக்கொண்டு, நடுவயது ஆள். சங்கிலி இல்லை, ரப்பர் சப்பாத்து இல்லை. இடமும் வலமும் பார்க்கவில்லை. ஆட்களை மாற்றியிருக்கிறார்கள், இவர்கள் ஹென்ரிக்கைவிட நன்றாக நடிக்கிறார்கள் என்று நிரோஜன் நினைத்தான்.

“அவர்களுடையதை விட எங்களுடையது நல்லது” என்றான் தொப்பிக்காரன். “இந்தக் கடையில் விற்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டு வந்தோம். மூன்று வருடமாக ஒருவரும் வாயே திறக்கவில்லையாம். உண்மையா?”

நாளை மறுநாள் வெயில். காற்று வடமேற்கிலிருந்து.

“பேசமாட்டான்” என்றார் இருமல்காரர். “நல்லது. பேசாதவன்தான் வேண்டும்.”

காகிதப் பையில் ஏதோ விழுந்தது. கைப்பிடி விரல்களை அறுத்தது. “மாதிரிக்கு வைத்துக்கொள். பிடித்திருந்தால் அடுத்த புதன் இதே இடம்” என்றான் தொப்பிக்காரன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. எண்ணெயும் உலோகமும். பையிலிருந்து எழும்பி, ரப்பர் வாசனையையும் புதுத்துணி வாசனையையும் தள்ளிக்கொண்டு நேரே மூக்குக்குள் வந்தது. நிரோஜனுடைய விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இது மணல் இல்லை.

யோனாஸ் கூப்பிடு தூரத்தில் நின்றான். நிரோஜன் வாயைத் திறந்தான். கூப்பிட்டால் கோட்டில் மேடு விழும். மேடு என்றால் அவன். அவன் என்றால் விவகாரம். வாயை மூடினான். கண்ணாடியில் அந்த இரண்டு பேரும் அவசரமில்லாமல் நடந்து போனார்கள். வாசலில் ஒரு தள்ளுவண்டிக்காக ஒதுங்கி, கதவைப் பிடித்துவிட்டுப் போனார்கள். நாளை மழை, நாளை மறுநாள் வெயில் என்று நிரோஜன் வாய்விட்டு ஒருமுறை சொன்னான்.

மேலே ஏறிப் போய், அடையாள அட்டையைக் காட்டி, முகத்தைத் திருப்பிக் காட்டி உள்ளே போனான்.

“நாங்கள் கமராவைப் பார்க்கவில்லை” என்றார் மெட்டெ பெருமையோடு. “இம்முறை உன்னை நம்புவதென்று முடிவு செய்தோம். நீயே சொல். எப்படிப் போனது?”

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. ஹென்ரிக் ஒரு காலில் ரப்பர் சப்பாத்தும் மறுகாலில் காலுறையுமாக நொண்டிக்கொண்டு வந்தார். “மன்னித்துக்கொள், கால் வீங்கிவிட்டது, இது ஏறமாட்டேன் என்கிறது. நீ கீழே நிறைய நேரம் நின்றுவிட்டாயா? இதோ, இப்போது இறங்கலாம்.”

 மெட்டெ ஹென்ரிக்கின் காலுறையைப் பார்த்தார். நிரோஜனைப் பார்த்தார். அவன் கையில் இழுபட்டுத் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவரிலிருந்த தட்டையான கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

“நிரோஜன்” என்றார்.  “கீழே யாராவது உன்னிடம் வந்தார்களா?”

நிரோஜன் அவர் கண்களைப் பார்த்தான். அந்தக் கண்கள் அவனிடம் எதையோ மன்றாடின. அவனும் அவரிடம் அதையேதான் மன்றாடிக்கொண்டிருந்தான்.

“நான் எதையும் கவனிக்கவில்லை.”

மெட்டெ மூச்சை விட்டார். “அப்படியானால் சோதனை வெற்றி.”

“ஆனால் நான் இன்னும் போகவேயில்லையே” என்றார் ஹென்ரிக்.

“ஹென்ரிக், பணிஸ் எடுத்துக்கொள்.”

மெட்டெ எழுந்து வந்து நிரோஜனுக்குக் கையை நீட்டினார். நிரோஜன் வலது கையை நீட்டினான். இடது கை வரவில்லை. பையின் கைப்பிடி நாலு விரல்களையும் அறுத்துப் பிடித்திருந்தது. அதை விட்டால் பை தரையில் விழும், விழுந்தால் அது என்ன சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியும். தலையும் குனியவில்லை. கழுத்து விறைத்துப் போயிருந்தது. நிமிர்ந்து நின்று, ஒரேயொரு கையால், வெறுங்கையால், உறுதியாகக் குலுக்கினான்.

“பார்த்தீர்களா!” என்று ராஸ்முஸ் கைதட்டினான். “ஒற்றைக் கை! தலை கூடக் குனியவில்லை! இவன் நகரபிதாவின் கையை எப்படிக் குலுக்கப் போகிறான் பாருங்கள்!”

அவன் வெளியே வந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நகரும் படியில் கால் வைத்தபோது போன் அடித்தது.

“சொல்லிட்டியளோ?” என்றாள் தனுசியா.

“சொல்லிட்டன்.”

“என்னவாம்?”

“வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம்.”

“பாத்தியளோ! வீணாப் பயந்து செத்தியள். நான் சொன்னனான்தானே, உள்ளதைச் சொன்னா இந்த நாட்டில ஒண்டும் செய்யமாட்டினம். சரி, அண்ணைக்கு வெடி கிடைச்சுதோ?”

நிரோஜன் பதில் சொல்ல வாயெடுத்தான். படி கீழ்த்தளத்தைத் தொட்டது. குலுக்கலில் பை சரிந்து, உள்ளே இருந்த பாரம் விரிந்து கிடந்த பலகையின் மேல் விழுந்து அதைச் சட்டென்று மூடியது.

டப்.

உயர்ந்த கூரையில் மோதி, கடைக்குக் கடை எதிரொலித்தது அந்தச் சத்தம். யோனாஸ் ரீசேட்டை மடித்தான். மூதாட்டி நாய்க்கு ஏதோ சொன்னார். கோப்பிக் கடையில் ஒருவர் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நிரோஜனுடைய கால்கள் மட்டும் ஓடத் தொடங்கின.